பூச்சில்லாத மரச் சமையலறை அலமாரிகளுக்கு ஏற்ற மேற்பூச்சைத் தேர்ந்தெடுப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

பூச்சு எதுவும் ஏறாத மர அலமாரிகளை வாங்கினாலும் சரி, தச்சரிடம் சொல்லிச் செய்துகொண்டாலும் சரி, மரத்தின் நிறம், பளபளப்பு, பாதுகாப்பு ஆகிய மூன்றையும் நாமே முடிவு செய்யலாம் என்பது பெரிய வசதி. பலரைத் திணறடிப்பதும் அதே வசதிதான். கடையில் வரிசையாக நிற்கும் டப்பாக்கள் எல்லாமே தண்ணீர் புகாது, கீறல் விழாது, ஆண்டுக்கணக்கில் உழைக்கும் என்றுதான் சொல்கின்றன. ஆகவே எந்தப் பூச்சு சிறந்தது என்ற கேள்வியைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, வேறு மூன்று கேள்விகளுக்கு முதலில் விடை தேடுவது நல்லது. இந்த அலமாரி எதையெல்லாம் தாங்க வேண்டும்? பூசப்போவது யார், எந்தக் கருவியால்? பின்னாளில் பூச்சு கெட்டால் அதை எப்படிச் சரிசெய்வது? இவற்றுக்குத் தெளிவான விடை கிடைத்துவிட்டால், எஞ்சியிருக்கும் பூச்சுகள் இரண்டோ மூன்றோதான்.

முதல் படி: அலமாரி எங்கே அடிபடும் என்று பாருங்கள்

சமையலறையில் எல்லாக் கதவுகளுக்கும் ஒரே வாழ்க்கை அமைவதில்லை. பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே உள்ள கதவைக் கவனியுங்கள். மேடையிலிருந்து வழியும் தண்ணீர் கதவின் முகத்தில் இறங்கி, கீழ் விளிம்பில் ஒரு சொட்டாகத் திரண்டு, விழாமல் அங்கேயே தொங்கி நிற்கும். அந்தக் கீழ் விளிம்பில்தான் செங்குத்துச் சட்டங்களின் வெட்டுமுனைகள் இருக்கின்றன. மரத்தின் நீர்க்குழாய்கள் அங்கே நேராக வாய் திறந்திருப்பதால், தட்டையான பரப்பைவிடப் பல மடங்கு வேகமாக அவை நீரை உறிஞ்சும். முகப்பில் கண்ணாடிபோல மின்னும் பூச்சு இருந்தும், கீழ் விளிம்பை ஒப்புக்குத் தடவிவிட்ட கதவு உள்ளிருந்து ஊறிக் கறுத்து, பூச்சு செதிலாக உரிவதைப் பல சமையலறைகளில் காணலாம். பூச்சின் தரத்தைக் குறை சொல்லும் முன் இந்த விளிம்பைத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்தது, கைப்பிடியைச் சுற்றிய இடம். கையின் வியர்வையும் எண்ணெயும் சமையல் கொழுப்பும் நாள்தோறும் படிந்து, சில வகைப் பூச்சுகளை மெல்ல மென்மையாக்கி, பிசுபிசுப்பாக்கிவிடும். அடுப்புக்கு இருபுறமும் உள்ள கதவுகளுக்குச் சூடும் எண்ணெய்ப் புகையும், தண்ணீர் கொதிக்கவைக்கும் கெட்டிலுக்கும் பாத்திரம் கழுவும் இயந்திரத்துக்கும் மேலே உள்ளவற்றுக்கு நீராவியும் தொல்லை தரும். இவற்றோடு காரத்தன்மையுள்ள துப்புரவுத் திரவங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூச்சைக் கெடுப்பதில் சமையலைவிடத் துடைப்பதற்குப் பங்கு அதிகம் என்பது பலருக்குத் தோன்றாத உண்மை. மேல்வரிசை அலமாரிகளின் உட்புறத்துக்கோ இவற்றில் எதுவுமே இல்லை. ஆகவே அலமாரி முழுவதற்கும் ஒரே பூச்சுதான் வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது.

இரண்டாம் படி: மரத்தை அறிந்துகொள்ளுங்கள்

ஓக், ஆஷ் போன்ற மரங்களில் நுண்துளைகள் பெரியவை. அவற்றில் பூச்சு இறங்கி, ரேகை தொட்டால் தெரியும்படி நிற்கும். முற்றிலும் மழமழப்பான பரப்பு வேண்டுமென்றால் துளைகளை நிரப்பும் பசையை முதலில் தேய்க்க வேண்டியிருக்கும். ஓக் மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் மிகுதியாக இருப்பதால், இரும்புத் துகளும் ஈரமும் ஒன்றுசேர்ந்தால் கறும்புள்ளிகள் விழும். இதனால்தான் நீர் சார்ந்த பூச்சுக்கு முன்போ இடையிலோ எஃகுக் கம்பிப் பஞ்சால் தேய்க்கக் கூடாது என்கிறார்கள்.

பைன், மேப்பிள், பிர்ச், செர்ரி ஆகியவற்றுக்கு வேறொரு குணம் உண்டு. சாயத்தை அவை சீராக உறிஞ்சுவதில்லை, திட்டுத்திட்டாகக் கறுக்கும். இந்த மரங்களை இயல்பான நிறத்தில் விட்டுவிடுவதே என் முதல் பரிந்துரை. நிறம் மாற்றியே ஆக வேண்டுமென்றால், நீர்த்த அரக்குப் பூச்சை ஒருமுறை தடவிய பிறகு சாயமிடுவது, அல்லது மரத்துக்குள் அதிகம் இறங்காத களிம்பு வகைச் சாயத்தைப் பயன்படுத்துவது என்று இரு வழிகள் இருக்கின்றன. பைன் மரத்தின் கணுக்களிலிருந்து பிசின் கசிந்து பூச்சை மஞ்சளாக்கும். அங்கும் அரக்குப் பூச்சுதான் நல்ல தடுப்பு.

தேக்கு, ஈட்டி போன்ற எண்ணெய்ப்பசை உள்ள மரங்களில் சில பூச்சுகள் சரியாக ஒட்டாது, எண்ணெய் சார்ந்த வார்னிஷ் காயவே மறுப்பதும் உண்டு. பூசுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தோய்த்த துணியால் துடைத்து, மெழுகு நீக்கிய அரக்கை ஒருமுறை அடிப்பூச்சாகப் பூசுவது இதற்கு நம்பகமான தீர்வு.

மரத்தின் நிறமும் நிலையானதன்று. வெளிச்சம் பட்டுப் பட்டு செர்ரி ஆழ்சிவப்பாகும், வால்நட் வெளுக்கும். எந்தப் பூச்சும் இதை முழுவதும் தடுப்பதில்லை. இன்றைய நிறத்தை மட்டும் மனத்தில் வைத்துச் சாயம் தேர்ந்தெடுத்தால், சில ஆண்டுகளில் அது மாறியிருக்கும்.

மூன்றாம் படி: பூச்சு வகைகளைத் தெரிந்துகொள்ளுங்கள்

மேற்பூச்சுகளை இரு பெரும் பிரிவாகப் பார்க்கலாம். மரத்துக்குள் ஊறி நிற்பவை ஒரு பிரிவு. மேலே படலமாகப் படிபவை மற்றொரு பிரிவு.

ஊறும் வகையில் ஆளிவிதை எண்ணெய், டங் எண்ணெய், எண்ணெயும் கடின மெழுகும் கலந்த பூச்சுகள் ஆகியவை அடங்கும். தொடுவதற்கு இவற்றைப் போல இதமானது வேறில்லை. மரத்தைத் தொடும்போது மரம்தான் கையில் படும். கீறல் விழுந்தால் அந்த இடத்தை மட்டும் லேசாகத் தேய்த்து மீண்டும் தடவினால் போதும். ஆனால் ஆளிவிதை எண்ணெய் நீரைத் தடுப்பதில் பலவீனமானது, காலப்போக்கில் நன்கு மஞ்சளாகும். தேன்மெழுகு ஏறத்தாழ 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகிவிடுவதால், வெறும் மெழுகு சமையலறைக்குப் பொருந்தாது. கடின மெழுகெண்ணெய் மட்டும் இந்தப் பிரிவில் கருதத்தக்கது. அதுவும், தேய்ந்த இடங்களில் அவ்வப்போது மறுபூச்சு கொடுக்க மனம் உள்ளவர்களுக்கு. தொட்டிக்குக் கீழே உள்ள கதவுகளுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படலமாகப் படிபவற்றில் நெடுநாளாக வழக்கில் இருப்பது அரக்கு. ஆல்கஹாலில் கரைத்துப் பூசுவது. அரைமணி நேரத்தில் காயும், அழகான வெதுவெதுப்பான நிறம் தரும், மணத்தையும் பிசினையும் தடுக்கும். அம்மோனியா போன்ற காரத் திரவங்களாலும் ஆல்கஹாலாலும் கரையும், சூட்டில் வெள்ளை வளையம் விழும். எனவே அடிப்பூச்சாகவும் உட்புறங்களுக்கும் அது சிறந்தது, கதவின் முகப்புக்கு ஏற்றதன்று. பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பிசின் பூச்சுக்கு அடியில் பூசுவதானால் மெழுகு நீக்கிய அரக்காக இருக்க வேண்டும்; மெழுகு இருந்தால் மேற்படலம் ஒட்டாமல் உரிந்து வரும்.

நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் (lacquer) என்ற பூச்சு தெளிப்பானுக்கு உரியது. நிமிடங்களில் காயும், ஒவ்வொரு பூச்சும் முந்தையதைக் கரைத்துக்கொண்டு ஒன்றாகிவிடும் என்பதால் பழுதுபார்ப்பது எளிது. ஆனால் காரத்தையும் கையின் எண்ணெயையும் தாங்கும் திறன் குறைவு. கைப்பிடியைச் சுற்றிப் பிசுபிசுக்கும் பழைய அலமாரிகளில் பல இந்தப் பூச்சு ஏறியவை. ஈரப்பதம் மிகுந்த நாளில் தெளித்தால், படலத்துக்குள் நீராவி சிக்கி வெண்மையாகப் பூத்துப்போகும்.

வினையூக்கி சேர்த்த லாக்கர், அமிலத்தால் இறுகும் வார்னிஷ், இரு கூறுகளைக் கலந்து பூசும் பாலியூரித்தேன் ஆகியவை தொழிற்கூடங்களின் தேர்வு. நீர், சூடு, காரம் அனைத்தையும் இவை மிக நன்றாகத் தாங்கும். கலந்த பிறகு குறிப்பிட்ட நேரத்துக்குள் பூசி முடிக்க வேண்டும். அமிலத்தால் இறுகும் வகைகள் ஃபார்மால்டிஹைடை வெளியிடும். இரு கூறு பாலியூரித்தேனின் கடினப்படுத்தியில் உள்ள ஐசோசயனேட்டுகள் நுரையீரலை நிரந்தரமாகப் பாதிக்கக்கூடியவை. காற்றை வெளியேற்றும் வசதியும் உரிய சுவாசக் கவசமும் இல்லாமல் இவற்றை வீட்டில் தெளிக்கவே கூடாது. பணம் கொடுத்துத் தொழில்முறையாளரிடம் செய்துகொள்ளத் தக்கவை இவை, அந்தச் செலவுக்குத் தகுதியானவையும்கூட.

வீட்டில் தூரிகையால் பூசுகிறவர்களுக்கு நடைமுறையில் மிஞ்சுவது எண்ணெய் சார்ந்த பாலியூரித்தேன், நீர் சார்ந்த பாலியூரித்தேன் ஆகிய இரண்டும்தான். எண்ணெய் சார்ந்தது தேன் நிறச் சாயலைத் தரும், நாளடைவில் இன்னும் மஞ்சளாகும். மெதுவாகக் காய்வதால் தூரிகைக் கோடுகள் தாமாகவே சமனாகிவிடும். ஆனால் அதே மெத்தனத்தால் தூசியும் படியும், அடுத்த பூச்சுக்குப் பெரும்பாலும் ஒரு நாள் காத்திருக்க வேண்டும். வாடை பல நாள் நிற்கும். நீர் சார்ந்தது டப்பாவில் பால்போலத் தெரிந்தாலும் காய்ந்ததும் நிறமற்றதாகும், பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் மறுபூச்சு கொடுக்கலாம், வாடை குறைவு. விரைந்து காய்வதால் கை வேகமாக ஓட வேண்டும். முதல் பூச்சில் மர இழைகள் சிலிர்த்து எழும்.

வண்ணப்பூச்சும் ஒரு மேற்பூச்சுதான். மர ரேகையை மறைத்து ஒரே நிறமாக்க விரும்பினால், கறை தடுக்கும் அடிப்பூச்சுக்கு மேல் அலமாரிகளுக்கென்றே தயாரித்த எனாமல் பூசலாம். சுவர்ப் பூச்சை இங்கே பூசினால் கதவு சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளும், அழுக்கேறும். முழு மரத்தில் செய்த கதவுகளில், சட்டங்கள் சேரும் இடத்தில் மயிரிழை போன்ற விரிசல் கோடு பின்னாளில் தெரியும். மரம் பருவத்துக்குப் பருவம் சுருங்கி விரிவதால் வரும் கோடு அது, பூச்சின் குறையாக அதைக் கருத வேண்டாம்.

நான்காம் படி: முடிவெடுங்கள்

மேப்பிள், ஆஷ் போன்ற வெளிர்நிற மரமாக இருந்து அந்த வெளிர்மை நிலைக்க வேண்டுமென்றால், நல்ல தரமான நீர் சார்ந்த பாலியூரித்தேனைத் தேர்ந்தெடுங்கள். வால்நட், செர்ரி போன்றவற்றின் செழுமை வெளிவர வேண்டுமானால் எண்ணெய் சார்ந்தது பொருத்தம். அந்தச் செழுமையோடு நீர் சார்ந்ததன் வசதியும் வேண்டுமென்றால், மெழுகு நீக்கிய அரக்கை ஒருமுறை பூசி நிறத்தை வெதுவெதுப்பாக்கி, அதன்மேல் நீர் சார்ந்ததைப் பூசலாம். தனிப்பட்ட முறையில், பெரும்பாலான வீடுகளுக்கு இந்த மூன்றாவது வழியையே நான் சொல்வேன்.

தூரிகை பிடித்துப் பழக்கமில்லாதவர்கள், எண்ணெய் சார்ந்த வார்னிஷில் ஏறத்தாழ சம அளவு டர்பென்டைன் கலந்து துணியால் தடவலாம். கோடோ வழிசலோ விழாது. ஆனால் ஒவ்வொரு முறையும் படியும் படலம் மிக மெல்லியது. துணியால் மூன்று முறை பூசுவது தூரிகையால் ஒருமுறை பூசுவதற்கு ஏறத்தாழ ஈடு என்று கணக்கிட்டுப் பொறுமையாக எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும்.

உட்புறத்துக்கு எண்ணெய் சார்ந்த பூச்சு வேண்டாம். மூடிய பெட்டிக்குள் அதன் வாடை மாதக்கணக்கில் தங்கி, உள்ளே வைக்கும் பொருளிலும் ஏறும். நீர் சார்ந்தது இரண்டு முறை, அல்லது அரக்கு இரண்டு முறை போதும்.

பளபளப்பைப் பொறுத்தவரை, மிகுந்த பளபளப்பு ஒவ்வொரு விரல் தடத்தையும் காட்டிக்கொடுக்கும், முற்றிலும் மங்கலானது கைப்பிடி அருகே தேய்ந்து திட்டாக மின்னும். இடைப்பட்ட சாட்டின் வகையே சமையலறைக்கு ஏற்றது.

ஐந்தாம் படி: மாதிரிப் பலகையில் சோதியுங்கள்

இந்தப் படியைத் தாண்டிச் செல்ல வேண்டாம் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். அதே மரத்தின் மிச்சத் துண்டில், தேய்ப்பதிலிருந்து கடைசிப் பூச்சு வரை எல்லாவற்றையும் அலமாரியில் செய்யப்போகும் அதே வரிசையில் செய்யுங்கள். துண்டு கிடைக்காவிட்டால், ஓர் அடுக்குத் தட்டின் அடிப்பக்கத்தைப் பயன்படுத்தலாம். கடையில் காட்டும் வண்ண அட்டை வேறொரு மரத்தில் எடுத்தது. அதை நம்பி முடிவெடுக்க முடியாது.

பலகை முழுமையாக இறுகிய பிறகு அதைக் கொஞ்சம் கொடுமைப்படுத்துங்கள். அமெரிக்கச் சமையலறை அலமாரித் தயாரிப்பாளர் சங்கத்தின் தரநிலை, வினிகர், எலுமிச்சைச் சாறு, தக்காளி கெச்சப், காபி, ஆலிவ் எண்ணெய் ஆகியவற்றை 24 மணி நேரமும், கடுகுப் பசையை ஒரு மணி நேரமும் பூச்சின்மேல் வைத்துப் பார்க்கச் சொல்கிறது. கதவின் விளிம்பைச் சோப்பு நீரில் ஊறிய பஞ்சின்மேல் 24 மணி நேரம் நிறுத்தி வைக்கும் சோதனையும் அதில் உண்டு. இவற்றை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். விளிம்புச் சோதனையில் மரம் உப்பினாலோ பூச்சு வெளுத்தாலோ, வெட்டுமுனைக்கு இன்னும் பூச்சு வேண்டும் என்று பொருள்.

பூச்சு ஒட்டியிருக்கிறதா என்று பார்க்க, கூரான கத்தியால் 2 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறி, வலுவான ஒட்டுநாடாவை அழுத்தி ஒட்டிச் சட்டென்று இழுங்கள். சதுரங்கள் நாடாவோடு வந்தால், அடுக்குகளில் ஏதோ ஒன்று மற்றொன்றோடு ஒத்துப்போகவில்லை. பெரும்பாலும் அது முழுதாகக் காயாத எண்ணெய்ச் சாயமாக இருக்கும். நீர் சார்ந்த பூச்சுக்கு முன் அத்தகைய சாயத்துக்கு ஒன்று முதல் மூன்று நாள் அவகாசம் கொடுப்பது பாதுகாப்பானது.

ஆறாம் படி: பரப்பைத் தயார் செய்யுங்கள்

கதவுகளையும் இழுப்பறைகளையும் கழற்றி, ஒவ்வொன்றுக்கும் கீல் பதியும் குழிக்குள் எண் எழுதி வையுங்கள். உப்புத்தாளில் 120, 150, 180 என்ற வரிசையில் மரரேகையின் போக்கிலேயே தேய்க்க வேண்டும். 180-க்கு மேல் மிக நுண்ணியதாகப் போனால் பரப்பு இறுகி, சாயம் வெளிறிவிடும். ஒட்டுப்பலகையின் மேலுள்ள வெனீர் என்ற மர ஏடு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தடிப்புடையது. அங்கே இயந்திரத்தை ஓட்டாமல் கையால் 180-இல் மென்மையாகத் தேய்த்தால் போதும்.

கூரான விளிம்புகளை எல்லாம் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு உருட்டிவிடுங்கள். திரவப் பூச்சு கூர்முனையில் நிற்காமல் இருபுறமும் விலகிவிடும். உருண்ட விளிம்பில்தான் படலம் போதிய தடிப்போடு தங்கும். மூட்டுகளில் வழிந்த பசை கண்ணுக்குத் தெரியாது, ஆனால் அங்கே சாயம் ஏறாது. டர்பென்டைன் தொட்ட துணியால் துடைத்தால் பசை பட்ட இடம் வெளிறித் தெரியும், சுரண்டி எடுத்துவிடலாம். நீர் சார்ந்த பூச்சுக்கு, ஈரத்துணியால் மரத்தை ஒருமுறை நனைத்து, காய்ந்ததும் சிலிர்த்த இழைகளை 220-ஆல் லேசாகத் தேய்த்துவிட வேண்டும்.

கதவின் நடுப் பலகை சட்டத்துக்குள் ஒட்டப்படாமல் மிதப்பது. வறண்ட பருவத்தில் அது சுருங்கும்போது, பூசாத மரம் ஒரு வெளிறிய கோடாக வெளியே எட்டிப் பார்க்கும். தச்சரிடம் செய்கிறவர்கள், கதவைக் கோர்ப்பதற்கு முன்பே நடுப் பலகைக்குச் சாயமும் முதல் பூச்சும் கொடுக்கச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: பூசுங்கள்

சமையலறையிலேயே பூச நேர்ந்தால், கரைப்பான் சார்ந்த எதையும் திறக்கும் முன் அடுப்பும், அதைப் பற்றவைக்க எப்போதும் எரியும் தூண்டுசுடரும் அணைந்திருக்க வேண்டும். எண்ணெய்ப் பூச்சு தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அது தானாகவே சூடேறித் தீப்பற்றும். வெளியில் தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள், அல்லது மூடியுள்ள உலோகப் பாத்திரத்தில் நீருக்குள் அமிழ்த்துங்கள்.

டப்பாவைக் குலுக்கக் கூடாது, குமிழி உண்டாகும். பளபளப்பைக் குறைக்கும் சிலிக்கா அடியில் தங்கியிருக்கும் என்பதால் தட்டையான குச்சியால் அடி வரை மெதுவாகக் கிளறி, வேலையின் நடுவிலும் அவ்வப்போது கிளற வேண்டும். இதைச் செய்யாதவர்களின் முதல் கதவு பளபளக்கும், கடைசிக் கதவு மங்கும்.

முதலில் வெட்டுமுனைகள். பூசிய சில நிமிடங்களில் அவை மங்கி வறண்டு தெரியும். உறிஞ்சுவது நிற்கும் வரை மீண்டும் மீண்டும் பூசுங்கள். பிறகு நடுப் பலகை, அடுத்துக் குறுக்குச் சட்டம், கடைசியாக நெடுஞ்சட்டம். முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே எண்ணிக்கையில் பூச்சு பெற வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அடைபட்டால், மறுபக்கம் ஈரத்தை வேகமாக வாங்கியும் விட்டும் கதவு வளைந்துவிடும்.

மெல்லிய மூன்று பூச்சுகள் தடித்த இரண்டைவிட மேல். ஒவ்வொன்றுக்கும் இடையே 320 உப்புத்தாளால் லேசாக வருடி, தூசியை முழுவதும் துடைத்தெடுங்கள். பூச்சு குழிகுழியாக விலகினால் பரப்பில் சிலிக்கோன் இருக்கிறது. நன்றாகத் துடைத்து அரக்கால் ஒருமுறை அடைத்துவிட்டுத் தொடரலாம்.

எட்டாம் படி: இறுகும் வரை காத்திருங்கள்

தொட்டால் ஒட்டாத நிலையும் முழுமையாக இறுகிய நிலையும் வேறு. பாலியூரித்தேன் எந்த வகையானாலும் முழு வலிமை பெற மூன்று, நான்கு வாரங்கள் ஆகலாம். அதற்குள் கதவுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் அவை ஒட்டிக்கொள்ளும். மாட்டிய கதவும் சட்டத்தோடு ஒட்டி, திறக்கும்போது பூச்சைப் பெயர்த்துக்கொண்டு வரும். கதவு மோதும் மூலைகளில் சிறிய ஃபெல்ட் வட்டங்களை ஒட்டிவிட்டால் இது நேராது. மென்பிளாஸ்டிக் விரிப்புகளை முதல் மாதத்தில் தட்டுகளின்மேல் விரிக்க வேண்டாம். பிளாஸ்டிக்கை இளக்கும் வேதிப்பொருள் இளம் படலத்துக்குள் இறங்கி அதை ஒட்டும் பசையாக்கிவிடும். அதுவரை துடைப்பதற்கு நீரில் நனைத்துப் பிழிந்த துணியே போதுமானது. மிஞ்சிய பூச்சைச் சிறிய புட்டியில் விளிம்பு வரை நிரப்பி, பெயரும் தேதியும் எத்தனை முறை பூசினோம் என்பதும் எழுதி, மாதிரிப் பலகையோடு சேர்த்து எடுத்துவையுங்கள். கீழ் விளிம்பில் முதல் தேய்மானம் தெரியும் நாளில், அதை எதைக் கொண்டு சரிசெய்வது என்று தேடி அலைய வேண்டியிருக்காது.